குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து அமர்ந்திருக்கும் 72 வீட்டாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 11 முறை கூடியது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பி பிளாக் மொட்டைமாடி ஒழுகலுக்குச் சுர்க்கிப் பூச்சு போட்டாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தை, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்படைத்த ஒரே ஒரு வேலைக்காகவே எடுத்துக்கொள்கிறேன். நம் வளாகத்திலிருந்து காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க என்ன செய்ய முடியும் என்று பார்க்கச் சொன்னீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஏ பிளாக் தரைத்தள வீடுகளில் கட்டில் கால் முழுகத் தண்ணீர் நின்றது. அடுத்த அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. நம் ஆட்களின் கார்களும் அங்கே நின்றன. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் மொட்டைமாடிக்குப் போய்த் தெற்கே பார்த்தால் போதும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மிச்சம் இருப்பது அங்கே தெரியும். மழைநீர் போய்த் தங்க வேண்டிய இடத்தில்தான் நாம் வீடு வாங்கியிருக்கிறோம், சாலை போட்டிருக்கிறோம். அதன் விளிம்பிலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 8 அன்று சதுப்பு நிலம் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அந்தத் தீக்கு எரிபொருளாக இருக்கும் மீத்தேன் நம் அடுப்படியிலிருந்து புறப்படுகிறது. சோறு, காய்கறித் தோல், வாழை இலை எல்லாம் குப்பை மலைக்கு அடியில் காற்றுப் படாமல் புதைந்து அழுகும்போது இந்த வாயு உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 கிலோவுக்கு நிகர். ஆனால் இது காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். அதனால் இன்று நிறுத்தினால் அதன் பலனை நம் பிள்ளைகள் மட்டுமல்ல, நாமே பார்க்கலாம். இதனால்தான் சோலாரைவிடக் குப்பையை முதலில் எடுத்தோம்.

பழைய பேப்பர் கடைக்காரரிடம் தராசு வாங்கி ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தோம். மக்கும் குப்பை மட்டும் நாளுக்குச் சராசரியாக 38 கிலோ வந்தது. ஜூன் முதல் தேதி, அதை எருவாக்கப் பின்பக்கச் சுவரோரம் ஆறு தொட்டிகள் வைத்தோம். ஜூலையில் நாற்றம் தாங்க முடியவில்லை. இரண்டாவது தொட்டியின் மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் புழு. அடியில் கறுப்பாகச் சாறு கட்டி நின்றது. சி பிளாக்கில் நான்கு வீட்டார் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறே இல்லை. தவறு செயற்குழுவினுடையது. ஈரக் குப்பையை மட்டும் கொட்டிக்கொண்டே போனோம். சருகு போடவில்லை, கிளறவும் இல்லை. காற்றுப் புகாத குவியல் எங்கே இருந்தாலும் மீத்தேன்தான் வரும். கிடங்கில் நடப்பதைத் தடுக்கப் போய், அதையே நம் பின்சுவரோரம் செய்துகொண்டிருந்தோம்.

வழி காட்டியவர் நம் வளாகத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அம்மா. "பச்சை ஒரு வாளி போட்டா காஞ்சது ஒரு வாளி போடணும் சார். எங்க ஊர்ல எருக்குழிக்கு அப்படித்தான்" என்றார். அன்றிலிருந்து தோட்டத்துச் சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வைக்கிறோம். சருகு தீர்ந்த மாதங்களில் தேங்காய் நார்த்தூள் வாங்கினோம். ஒவ்வோர் அடுக்குக்கும் புளித்த மோர் கலந்த தண்ணீர் கொஞ்சம் தெளிக்கிறோம். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் அடியைப் புரட்டிவிடுகிறோம். மூன்று வாரத்தில் நாற்றம் போய்விட்டது. ஆகஸ்டில் ஒருநாள் காலை நான்காவது தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெந்நீர் வாளியில் விட்டதுபோலச் சுட்டது, மேலே ஆவி பறந்தது. வாசனை மழை பெய்த மண் வாசனைதான். கடிதம் கொடுத்த நால்வரில் இருவர் இப்போது கிளறும் குழுவில் இருக்கிறார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

இப்போது 72 வீடுகளில் 58 வீடுகள் சரியாகப் பிரித்துத் தருகின்றன. மற்ற வீடுகளிலிருந்து இன்னும் டயப்பர், பால் கவர், ஒருமுறை உடைந்த கண்ணாடி டம்ளர் கூட வந்தது. அதை எடுக்கப் போய் அந்த அம்மாவின் உள்ளங்கை கிழிந்து மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அபராதம் போடலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசுவோம் என்றே முடிவானது. அவருக்குக் கையுறை, பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். எரு வேலைக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம்.

அடுத்து சோலார். பொது மின் இணைப்புக்கு வீடுகளைப் போல இலவச யூனிட் கிடையாது. மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எல்லாம் முதல் யூனிட்டிலிருந்தே காசு. மொட்டைமாடியில் 10 கிலோவாட் பலகை வைக்க முடிவு செய்தோம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நமக்கு 1,80,000 வந்தது. முதலில் பேசிய ஒப்பந்ததாரர் முன்பணம் வாங்கிக்கொண்டு நான்கு மாதம் இழுத்தடித்தார். பணத்தைத் திரும்ப வாங்கி, வேறொருவரை வைத்து ஜனவரியில்தான் வேலை முடிந்தது. மார்ச் மாதம் 1,260 யூனிட் கிடைத்தது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு என்று கணக்கு. அப்படியானால் ஒரே மாதத்தில் 880 கிலோ மிச்சம். பலகையில் புழுதி படிந்தால் உற்பத்தி குறைகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைக்க டி பிளாக் கல்லூரிப் பிள்ளைகள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள்.

போகிக்கு முந்தைய நாள் பழைய பாய், துணி, டயர் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டோம். ஜனவரி 13 காலை நம் வளாகத்தில் டயர் எரியவில்லை. குழந்தைகள் மேளம் மட்டும் அடித்தார்கள்.

ஏசி விஷயத்தில் நாங்கள் இன்னும் எதுவும் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். வீடு மாறும்போதும் ஏசி மாற்றும்போதும் சில மெக்கானிக்குகள் ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸை அப்படியே வெளியே திறந்து விடுகிறார்கள். ஆர் 410ஏ என்கிற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் இரண்டு டன் கரியமில வாயு விட்டதற்குச் சமம். மேலே சொன்ன சோலார் இரண்டு மாதத்துக்கு மேல் உழைத்துச் சேர்த்தது ஐந்து நிமிடத்தில் போய்விடும். கழற்றும்முன் 'பம்ப் டவுன் பண்ணுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் வெளி யூனிட்டுக்குள்ளேயே அடைபடும். இதற்காக நல்ல மெக்கானிக் ஒருவரை ஏற்பாடு செய்து, எண்ணை அறிவிப்புப் பலகையில் போடுவது இந்த ஆண்டின் முதல் வேலை.

எரு இப்போது 14 மூட்டை இருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை வீதம் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். மிச்சத்தைச் சுற்றுச்சுவரோரம் நட்ட புங்கங்கன்றுகளுக்குப் போடுகிறோம். வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு மூன்றாவது, ஐந்தாவது தொட்டிகளைக் கிளற வேண்டும். ஆறு பேர் தேவை. நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்