குழந்தை பதில் சொல்ற வரைக்கும் காத்திருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைக்குழந்தைக்கு சீக்கிரம் பேச்சு வர என்ன வாங்கிக் குடுக்கலாம்னு கேக்குறவங்க அதிகமாயிட்டாங்க. பட்டனை அமுக்குனா பாடுற பொம்மை, ஏ பி சி டி சொல்ற பொம்மை, எதுவும் இல்லேன்னா கையில போன். பாக்குறப்போ மனசு கஷ்டமா இருக்கு, அந்தப் பொம்மை தன் பாட்டுக்கு கத்திக்கிட்டே இருக்குமே தவிர குழந்தை என்ன சொல்லுதுன்னு கேக்காது.

என் பேத்திக்கு எட்டு மாசம். துணி மாத்தும்போது துண்டால என் முகத்தை மூடிக்கிட்டு "பாட்டி எங்க?"ன்னு கேப்பேன், கேட்ட கையோட நானே துண்டை எடுத்துருவேன், அவளும் சிரிப்பா. ஒரு நாள் துண்டை எடுக்க கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. அந்த ரெண்டு மூணு செகண்டுல காலை உதைச்சா, "ஆ"ன்னு ஒரு சத்தம் குடுத்தா, அப்புறம் துண்டோட ஓரத்தைப் பிடிச்சு அவளே இழுத்துட்டா. இத்தனை நாளும் அவ பதில் சொல்ல நான் இடமே குடுக்கலைன்னு அப்பதான் உறைச்சுது. இப்பல்லாம் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு காத்திருக்கேன், அவ "பா பா"ன்னா நானும் "பா பா"ங்கறேன், உடனே என் வாயையே பார்த்து மறுபடி சொல்றா. பேச்சுன்னா மாறி மாறிப் பேசுறதுதானே, அது இங்கயே ஆரம்பிச்சிருது.

இது ஏதோ பாட்டி சொல்ற கதைன்னு நினைக்க வேணாம். அமெரிக்காவுல பாட்ரிசியா கூல்னு ஒரு விஞ்ஞானி 2003ல வெளியிட்ட ஆராய்ச்சியில, ஒன்பது மாசக் குழந்தைங்களோட மாண்டரின்ங்கற சீன மொழி பேசுறவங்க நேர்ல உக்காந்து 12 தடவை புத்தகம் படிச்சு பொம்மை வெச்சு விளையாடினாங்க, அந்தக் குழந்தைங்க அந்த மொழியோட சத்தங்களைப் பிரிச்சுக் கேக்கக் கத்துக்கிச்சுங்க. அதையே டிவியில போட்டுக் காட்டினப்போ ஒண்ணும் ஏறல. ஒரு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம்னு உலக சுகாதார அமைப்பும் 2019லயே சொல்லிருச்சு.

இதுக்குன்னு தனியா டைம் ஒதுக்கணும்னு கூட இல்ல, குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது பேசினாலே போதும். ஒரு வயசு வாக்குல விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிக்கும், அப்ப அது காட்டுற பக்கம் நாமளும் திரும்பிப் பார்த்து பேர் சொல்லணும். சத்தம் கேட்டு திரும்பலைன்னாலோ மழலையே வரலைன்னாலோ மட்டும் தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காது டெஸ்ட் பண்ணிருங்க.

உங்க பேப்பர்ல குழந்தை வளர்ப்பு பத்தி எழுதும்போது எந்த பொம்மை வாங்கலாம்ங்கற லிஸ்டுக்கு பதிலா இதைப் போட்டீங்கன்னா நாலு வீட்ல படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு பாட்டி