பளைக்குப் போன வாள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு பளையிலிருந்து நீ தொலைபேசியில் சொன்னதைப் படுக்கைக்குப் போன பின்னரும் எண்ணிக்கொண்டிருந்தேன். மரம் அறுக்கும் சங்கிலி வாள் முதல் இழுப்பிலேயே இயங்குகிறது, ஐந்து நிமிடம் ஒழுங்காக அறுக்கிறது, பின்னர் பெற்றோல் தீர்ந்துபோனதைப் போலத் தள்ளாடி நின்றுவிடுகிறது, கால்மணி நேரம் கிடக்கவிட்டால் மறுபடியும் இயங்குகிறது என்றாய். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரைக் கழற்றிப் பார்க்கப் போவதாகவும் சொன்னாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதில் திருப்புளியை வைக்காதே. தொலைபேசியில் சொன்னால் ஏதாவது விடுபட்டுவிடும் என்பதால், பஞ்சிகாவத்தைப் பட்டறையில் இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டதை எழுதி, இரவு பஸ்ஸில் வரும் பொதியோடு சேர்த்து அனுப்புகிறேன்.

நீ சொன்ன அறிகுறி மிகத் தெளிவானது. தாங்கியிலிருந்து பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென்று ஒரு சிறிய மூச்சுத்துளை இருக்கிறது. மரத்தூளும் ஒயிலும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, காபரேற்றர் எவ்வளவு உறிஞ்சினாலும் பெற்றோல் வராது. சும்மா கிடக்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால், கால்மணி நேரத்தின் பின் ஒன்றுமே நடக்காதது போல வாள் இயங்கும். ஆகவே அடுத்த முறை நின்றவுடன், சுவிட்சை நிறுத்தி, வாளைத் தரையில் வைத்து, சைலன்சரின் சூடு சற்றுத் தணிந்த பின்னர் பெற்றோல் மூடியை மிக மெதுவாகத் திற. காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, மூடியை மறுபடி பூட்டியவுடன் வாள் இயங்கினால், குற்றம் மூச்சுத்துளையில்தான். வெயிலில் கிடந்த தாங்கியில் சில வேளை அமுக்கம் வெளிப்புறமாக இருந்து பெற்றோல் சீறக்கூடும் என்பதால், முகத்தை விலக்கிவைத்துக்கொள். அருகில் நெருப்போ சுருட்டோ இருக்கக் கூடாது. மாற்றுவதற்குப் புதிய மூச்சுத்துளைப் பாகம் ஒன்றைப் பொதியில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சத்தம் கேட்காவிட்டால், தாங்கிக்குள் ரப்பர்க் குழாயின் நுனியில் தொங்கும் வடியை, அதாவது பெற்றோல் வடிகட்டியைப் பார். கம்பியொன்றைக் கொக்கிபோல வளைத்து அதை வெளியே இழுக்கலாம். கறுத்து இறுகியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடு. குழாயை விரல்களால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு இருந்தாலும் தெரியும். வடியும் குழாயும் நன்றாக இருந்தால், வாள் நின்ற அந்தச் சூட்டோடேயே பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் பொருத்தி, பிளக் இருந்த துளையிலிருந்து நன்றாக விலக்கி, சிலிண்டரின் உலோகத்தில் தொட்டபடி வைத்துக் கயிற்றை இழு. சூட்டில் பொறி வராமல், ஆறிய பின்னர் வந்தால், பொறிக்கு மின்சாரம் தரும் சுருள் பழுதாகிவிட்டது என்று பொருள். அதை நீ திருத்த வேண்டாம், கொழும்புக்கு அனுப்பு.

கழற்றிய பிளக்கின் நிறத்தையும் எனக்குச் சொல். மண்ணிறமாக இருந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் மிஞ்சுகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. வெளுத்திருந்தால் உடனே வேலையை நிறுத்து: எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது கலவை மெலிந்துவிட்டது. பிளக்கின் முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

காபரேற்றரைத் தொடாதே என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டறையில் வேலை பழகத் தொடங்கிய காலத்தில், மரம் வெட்டும் ஒருவர் தன் வாளுக்கு வேகம் போதவில்லை என்று கொண்டுவந்தார். முதலாளி இல்லாத நேரத்தில் நானே காபரேற்றரின் உயர்வேகத் திருகாணியை வலப்பக்கமாக உள்ளே திருகினேன். வாள் கூர்மையாக அலறியது. அவர் மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தபோது பிஸ்டனின் பக்கமெல்லாம் கீறிக் கிழிந்து, சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. இவ்வகை இயந்திரத்தில் ஒயிலுக்கென்று தனி அறை கிடையாது. பெற்றோலில் கரைந்து வரும் ஒயில்தான் பிஸ்டனையும் பேரிங்குகளையும் காக்கிறது. அந்தத் திருகாணியை உள்ளே திருகினால் பெற்றோல் குறைகிறது, அதோடு ஒயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. அந்த மனிதரின் ஒரு மாத உழைப்பு என் கைத்திருகலால் போனது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை. நீ தொடக்கூடியது ஒன்றே ஒன்று, ஓய்வுவேகத் திருகாணி. வேகத்தைக் கூட்டும் விசையை விட்டபின்னரும் சங்கிலி நகர்ந்துகொண்டிருந்தால் வேகத்தைக் குறைத்து, சங்கிலி முற்றாக நிற்கும்படி செய். அதன் பின்னரும் நகர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பெற்றோலைப் பற்றி. அதில் கலப்பது நல்ல இரு வீச்சு ஒயிலாக இருந்தால் ஐம்பது பங்குக்கு ஒன்று, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், ஐந்து லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்றாதே, மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழாய் ஒன்றை இதற்காகவே அனுப்புகிறேன். காருக்கு ஊற்றும் ஒயில் இதற்கு ஆகாது, அது ஒழுங்காக எரியாமல் பிளக்கையும் சைலன்சரையும் கரியால் அடைத்துவிடும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதே. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். கிடைத்ததைப் போத்தல்களில் சேர்த்துவைத்தார்கள். அடுத்த ஆண்டு முழுவதும் பட்டறைக்கு வந்த சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவை, பழைய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரில் படிந்தவையே. வாளை ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வில் வைப்பதானால் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சியது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிடு.

இனிச் சங்கிலி. உன் தொலைபேசிப் பேச்சில் எனக்கு அதிகக் கவலை தந்தது வாள் நிற்பதல்ல, 'அழுத்திப் பிடித்தால்தான் அறுக்கிறது' என்று நீ இடையில் சொன்ன அந்தச் சிறு வாக்கியம்தான். கூரான சங்கிலி தானே மரத்துக்குள் இறங்கும். கையின் வேலை அதைத் தாங்குவது மட்டுமே. அறுக்கும்போது விழுவதைக் கையில் எடுத்துப் பார்: சீவலாக, தடித்த துண்டுகளாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது, மாவாக விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை அழுத்துபவருக்குக் கை சோரும், சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான 'பார்' சூடேறும், இயந்திரம் திணறும், கடைசியில் மரம் திடீரென விட்டுக்கொடுக்கும்போது உடல் முன்னால் சாயும்.

பல்லின் வடிவத்தை ஒருமுறை வெயிலில் பிடித்து நன்றாகப் பார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் கொக்ஸ் என்பவர், மரக்குற்றியைத் துளைத்துச் செல்லும் வண்டுப்புழுவொன்று தன் தாடைகளால் இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து, அதைப் பின்பற்றி 1940களின் பிற்பகுதியில் இந்தப் பல்லை உருவாக்கினார். அதனால்தான் உன் சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் வளைந்திருக்கிறது. தீட்டும்போது இதை மனத்தில் வைத்துக்கொள். ஒரு பக்கத்துப் பற்கள் மற்றப் பக்கத்தைவிடக் குட்டையானால் வெட்டு நேராகப் போகாமல் வளைந்து போகும்.

உன் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம் பொருந்தும், இரண்டு வைத்திருக்கிறேன். பாரை ஒரு குற்றியில் இறுக்கிப் பிடித்து, மிகக் குட்டையான பல்லிலிருந்து தொடங்கு. பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, பல்லின் மேற்தட்டில் கோடு போட்டிருக்கும் 30 பாகைச் சரிவில், அரத்தின் விட்டத்தில் ஐந்திலொரு பங்கு பல்லுக்கு மேலே தெரியும்படி தள்ளு. தள்ளும்போது மட்டுமே அரம் அறுக்கும், இழுக்கும்போது தூக்கிவிடு. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளல் என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் முடிந்ததும் நீ மறுபக்கம் வந்து நின்று மற்றவற்றைத் தீட்டு. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறிய மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும், ஆனால் பல்லுக்குக் கீழே 0.65 மில்லிமீற்றருக்கு மேல் இறக்கினால் வாள் துள்ளத் தொடங்கும். நான்கு தீட்டலுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பளை மணல் பூமி. குற்றி தரையைத் தொட்டபடி கிடக்கும்போது கடைசி அங்குலத்தை அறுத்தால், ஒரே கணத்தில் நீ அரைமணி நேரம் தீட்டியது வீணாகும். கட்டை கொடுத்துக் குற்றியை உயர்த்து. தென்னையிலும் பனையிலும் வைரம் வெளிப்புறத்தில் இருப்பதால் முதல் அங்குலத்திலேயே பல் களைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பக்கத்துப் பனைகளில் இரும்பு இருக்கிறது. போர் முடிந்த பின்னர் வன்னியிலிருந்து வந்த சங்கிலிகளில், வரிசையாகப் பல் முறிந்து, மரத்துக்குள் புதைந்திருந்த செல் துண்டில் பட்டதென்று சொல்லப்பட்டவற்றை நான் என் கையால் மாற்றியிருக்கிறேன். வடு மூடிய மரத்தில் தழும்பும் புடைப்பும் தெரியும். அந்த இடத்தை விட்டு அறு, சந்தேகமிருந்தால் கைவாளால் முதலில் பார்.

சங்கிலியின் இறுக்கத்தையும் அடிக்கடி சோதி. பாரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் கையுறை அணிந்த கையால் இழுத்தால் எளிதாக ஓட வேண்டும். சூடேறினால் நீளும், சூட்டில் இறுக்கினால் வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்திவிடு, இல்லையேல் ஆறும்போது சுருங்கிப் பாரையும் பேரிங்கையும் இழுக்கும். பழைய இயந்திர ஒயிலைச் சங்கிலிக்கு ஊற்றாதே. வேலை தொடங்குமுன் பாரின் நுனியை வெளிர்நிற மரத்தின் மேல் காட்டி விசையை அழுத்தினால் ஒயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் பாரின் ஒயில் துளையையும் பள்ளத்தையும் குத்தித் துப்புரவு செய். காற்று வடிகட்டியை நாள்தோறும் தட்டி, கிழமைக்கொரு முறை சவர்க்கார நீரில் கழுவி நன்றாக உலர்த்து. சிலிண்டரைச் சுற்றி அதைக் குளிர்விக்கும் உலோக இறகுகளில் தூள் படிய விடாதே. பாரை ஒவ்வொரு தீட்டலிலும் தலைகீழாகத் திருப்பிப் பூட்டு.

ஓடும்போது பாரின் நுனியின் மேல் கால்பகுதி எதிலும் படக் கூடாது. பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும். அதற்காகத்தான் முன்பிடிக்கு முன்னால் பிரேக் இருக்கிறது; ஒவ்வொரு காலையும் வாளை ஓடவிட்டு, பிரேக் பிடியை முன்னே தள்ளி, சங்கிலி உடனே நிற்கிறதா என்று பார். கையில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுக்காமல், தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது காலை ஊன்றி இயக்கு. 2023 ஒக்ரோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐவர் இறந்தார்கள். அழுத்தத்தில் வளைந்து கிடக்கும் மரம் எந்தப் பக்கம் பாயும் என்பதை அன்றிலிருந்து நான் இன்னும் அதிகமாக எண்ணிப் பார்க்கிறேன். காற்றில் சரிந்து இன்னொன்றில் தங்கியிருக்கும் தென்னையை நீ தனியாகத் தொடாதே.

2019இல் வாள்களைப் பொலிசில் பதியும்படி அறிவித்தபோது எடுத்த பத்திரத்தின் பிரதி உறைக்குள் இருக்கிறது. எப்போதும் வாளோடு வைத்திரு. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதற்குப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். கிழக்கு வேலியோரத்துப் பலாவை நீ தொட மாட்டாய் என்று அறிவேன், என்றாலும் எழுதிவைக்கிறேன்.

பொதியில் மூச்சுத்துளை, வடி, பிளக், அரங்கள், ஊசிக்குழாய், உனக்கு அளவான கையுறை, அம்மா வைத்த பருத்தித்துறை வடை. முதலில் மூடியைத் திறந்து பார்க்கும் சோதனையைச் செய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொலைபேசியை வாளுக்கு அருகில் வைத்து, விசை தொடாமல் இரண்டு நிமிடம் ஓடவிடு. அதன் மூச்சு ஒரே சீராக இருக்கிறதா, இடையில் ஏங்குகிறதா என்பதை இங்கிருந்தே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா