விழுந்துவிட்டேன் என்று சொல்லாதே

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ராத்திரி நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். உன் ரூமில் இருக்கும் பையன்தான் அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். அவனைத் திட்டாதே. ரிஜெக்ட் ஆன பீஸை யார் கணக்கில் எழுதுவது என்று ஷிப்ட் மாறும் நேரத்தில் பேச்சு வந்ததாம். உன் லைனில் நிற்கிற அந்த ஆள் உன்னை அறைந்திருக்கிறான், நீ மெஷின் மேலே போய் விழுந்திருக்கிறாய், உதடு கிழிந்திருக்கிறது. எனக்கு இதைவிட வேதனை, பக்கத்து கிளினிக்கில் நீ "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னது.

அந்த வார்த்தையை கேஷுவாலிட்டியில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். புருஷன் அடித்த பெண்கள், மேஸ்திரி அடித்த பையன்கள், எல்லாரும் விழுந்துவிட்டேன் என்றுதான் வருவார்கள். எங்களுக்குப் பெரும்பாலும் பார்த்ததும் தெரிந்துவிடும். விழுகிறவன் கையை ஊன்றுவான், உள்ளங்கையும் முட்டியும் தேய்ந்திருக்கும். அறை வாங்கியவனுக்குக் கன்னத்தில் விரல் தடம் இருக்கும். ஆனால் வந்தவர் வாயால் சொன்னால்தானே டியூட்டி டாக்டர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுத முடியும்? தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று ஒரு வரி, எந்த இடம், எத்தனை மணி, காயம் எத்தனை சென்டிமீட்டர். பின்னால் போலீஸ் ஆனாலும் கோர்ட் ஆனாலும் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

அதெல்லாம் இருக்கட்டும், முதலில் காதைப் பார். இடது காது அடைத்திருக்கிறது, உள்ளே விசில் அடிக்கிற மாதிரி கேட்கிறது என்று உன் ரூம்மேட் சொன்னான். காதோடு சேர்த்து விழுகிற அறையில் காற்று உள்ளே அழுந்திச் செவிப்பறை கிழிய வாய்ப்புண்டு. சின்னக் கிழிசல் என்றால் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்குள் தண்ணீர் போனால் சீழ் பிடித்துக்கொள்ளலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே, மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து விடாதே, மூக்கை அழுத்திச் சிந்தாதே. தலைக்குத் தண்ணீர் விட வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே லைட் அடித்துப் பார்த்து, கேட்கும் திறனையும் சோதிக்கட்டும். தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, எழுப்ப எழுப்பத் தூக்கமாகவே இருந்தாலோ உடனே 108-க்குப் போன் பண்ணச் சொல்லு. அந்தப் பையனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

காதைக் காட்ட அரசு மருத்துவமனைக்கே போ. இரண்டு நாள் தள்ளிப் போனால் எழுத மாட்டார்களோ என்று தயங்காதே, எழுதுவார்கள். கிளினிக்கில் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டால், வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று உள்ளதைச் சொல். அந்த கிளினிக் சீட்டையும் கிழித்துப் போட்டுவிடாதே.

இன்னொன்று. அடிதடி கேஸில் அடித்தவனும் வந்து பக்கத்து வார்டில் படுத்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு கீறல்கூட இருக்காது. நெஞ்சு வலிக்கிறது என்பான், அவன் பக்கம் ஒரு புகார் எழுதிக் கொடுப்பான். அதற்குள் அடி வாங்கியவன் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் உன்னை அவசரப்படுத்துகிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கு. அடித்துக் காயப்படுத்தினால் போடும் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் நாங்கள் 323 என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 115(2). ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவில் மட்டும் என்றால் கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. "இதெல்லாம் சின்ன விஷயம் தம்பி" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், ரசீது இல்லாமல் வராதே. எலும்போ பல்லோ உடைந்திருந்தாலும், ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போனாலும் அது கொடுங்காயம், பிரிவே வேறு. டாக்டர் பார்த்துச் சொல்லாமல் நீயாக ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதே.

கம்பெனிக்கும் எழுத்தில் கொடு. ஹெச்.ஆர். ரூமில் உட்கார்ந்து வாயால் சொன்னது கணக்கில் வராது. மெயிலில் அனுப்பு. என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்பதை எழுதி, அந்த நேரத்து கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லிக் கேள். பழைய பதிவு மேலேயே புதியது ஏறிவிடும். விசாரணை முடிகிற வரை அவனோடு ஒரே ஷிப்டில் போடக் கூடாது என்றும் கேள். கேட்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, தயவு பண்ணச் சொல்கிற மாதிரி எழுதாதே.

அப்பா விஷயம் கேட்டதும், "திருப்பி ரெண்டு போட்டானா?" என்றுதான் கேட்டார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? நீயும் கை ஓங்கியிருந்தால் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள் என்று எழுதி, இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்து சஸ்பெண்ட் பண்ணியிருப்பார்கள். நீ கையை அடக்கிக்கொண்டதில் எனக்குப் பெருமைதான். அதை ஆண்பிள்ளைத்தனத்துக்குக் குறைச்சலாக நீ நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ராத்திரி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறாய் என்றும் உன் ரூம்மேட் சொன்னான். அடி வாங்கிய உடம்பு சில நாள் அப்படித்தான் இருக்கும். வாரக்கணக்கில் நீண்டால் அதற்கும் டாக்டரைப் பார்ப்போம்.

ராஜியாகப் போகச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, கம்பெனி பெயர் கெடும் என்பார்கள். இந்தப் பிரிவில் ராஜி ஆவதும் ஆகாததும் அடி வாங்கிய உன் கையில்தான் இருக்கிறது. அவன் பிள்ளைகளை நினைத்து நீ மன்னிக்கிறாய் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஏ.ஆர். காப்பி கைக்கு வராமல், காது என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. வெள்ளைத்தாளில் கண்டிப்பாகப் போடாதே.

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி படிப்புக் கட்டணத்தை நினைத்து நீ கலங்க வேண்டாம். என் பென்ஷன் வருகிறது, பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன், சனிக்கிழமை காலையில் உன் ரூமுக்கு வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் வந்த பிறகு சேர்ந்தே போவோம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாளைக்கே போ. ஓ.பி. சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா