பிடிக்கவில்லை என்பவர் முதலில் பேசட்டும்: மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் நூலகம் திறக்கப்பட்டது முதல் அங்கு வந்து வாசிப்பவர்களில் நானும் ஒருவன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலுக்குத் தாங்கள் ஒரு வாசகர் கூட்டம் நடத்த வேண்டும் என்றும், அந்நாவல் பிடிக்காதவர்களுக்கே அதில் முதலில் பேச இடம் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் இந்நகரில் நடந்த ஒரு கலந்துரையாடலில், கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, சுமத்ரா தீவின் மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழையும் தொடக்கப் பகுதியிலேயே மனம் கலங்கிப் புத்தகத்தை மூடிவிட்டதாகவும், பிறகு படித்து முடித்தும் பிடிக்கவில்லை என்றும், பெண்கள் அதில் ஓரத்திலேயே நிற்கிறார்கள் என்றும் சொன்னார். 'இன்னொரு முறை படியுங்கள், புரியும்' என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அங்கே பாராட்டு மட்டுமே ஒலித்தது.

எனக்கு அந்நாவல் உயிர். ஆயினும் அந்தப் பெண் தவறாக வாசித்தார் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. இரண்டாம் உலகப் போர், நேதாஜியின் படை, போருக்குப் பின் டச்சுக்காரர்களை எதிர்த்து இந்தோனேசியர் நடத்திய விடுதலைப் போர் என ஆட்சிகள் ஒன்றையொன்று கவிழ்க்கும் காலத்தில் அலையும் கதாநாயகன் பாண்டியன், ஊர் திரும்பாமலே மடிகிறான். எந்த ஆறுதலும் தராத கதை கலங்க வைக்கத்தான் செய்யும். கலங்கியவர்தான் அதை முழுமையாக வாங்கிக்கொண்டவர் என்பேன்.

அதே கூட்டம் கலைந்தபின், வாசலில் சிவகங்கைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் பேசினார். அவருடைய தகப்பனார் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கடை மேலாளருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்தவராம்; ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி மட்டும் சாகும்வரை வாய் திறக்கவில்லையாம். 'அப்பா ஏன் பேசவில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் தெரிந்தது' என்றார். உள்ளே அவருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த மாணவியும் இந்தப் பெரியவரும் எதிரெதிரே அமர்ந்து பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்து, தென்கிழக்காசியாவில் வாழ்ந்து திரும்பி, இதே மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றி, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் நெடுங்காலம் தனியாக வாழ்ந்து 1997இல் மறைந்தவர். 1972இல் வெளிவந்த இந்நாவலைப் பற்றி இங்கே விரிவாகப் பேச, அவர் காலத்தில் ஆட்கள் அதிகம் இல்லை. அந்தக் குறையைப் பாராட்டுரைகளால் மட்டும் ஈடுசெய்துவிட முடியாது என்று நம்புகிறேன்.

ஆகவே, சிறப்பு விருந்தினர் இல்லாமல், பொன்னாடை இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை மட்டும் ஒதுக்கித் தாருங்கள். பாதியில் நிறுத்தியவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்பதிலிருந்தே பேச்சு தொடங்கட்டும். வருகிறவர்கள் தம் கருத்தைக் கைப்பட எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் அதை நாவலின் பிரதிக்குப் பக்கத்திலேயே அடுக்கில் வையுங்கள். நாற்காலி போடவும் நோட்டு வாங்கவும் நான் வருகிறேன்.

வணக்கத்துடன்,
செல்லூரிலிருந்து ஒரு வாசகன்