அதிருமலையில் ஓர் இரவு

கல்லிடைக்குறிச்சி,
பிப்ரவரி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடச் சொல். இங்கே பிசான நெல் அறுவடை ஆரம்பித்துவிட்டது. ஊர்க்கதை எல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளு: பொதிகை மலை ஏறிவிட்டு வந்துவிட்டேன் ஏட்டி!

நம் பக்கத்திலிருந்து இல்லை. பாணதீர்த்தம், பூங்குளம் வழியாக அந்தக் காலத்தில் போவார்களே, அந்தப் பாதையில் இப்போது விடுவதில்லை. திருவனந்தபுரம் போய், விதுரா தாண்டி போனக்காடு. வனத்துறை சோதனைச் சாவடியில் மருத்துவச் சான்றைப் பார்த்து, பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று துழாவிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். வழிகாட்டியாக அந்த மலையில் வாழும் காணிப் பழங்குடிக்காரர் ஒருவர் கூடவே வந்தார்.

பொம்பளைகளை அங்கே விடமாட்டார்கள் என்று உங்கள் ஆச்சி சொல்வாளே, அது உண்மையாகத்தான் இருந்தது. பெண்களையும் விட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது 2018-இல். 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் முதலில் ஏறினார். அப்போது காணி மக்கள் மனம் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அகத்தியரை அவர்கள் கும்பிடும் முறை அப்படி. அந்த வருத்தத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மலை, நமக்கும் அது சாமி மலைதானே கோமதி?

முதல் நாள் முழுக்க நடை. காடு, ஓடை, மறுபடி காடு. பிறகு நிழலே இல்லாத புல்வெளி. கடைசியில் முட்டிடிச்சான் ஏற்றம், அங்கே முழங்கால் நெஞ்சுவரை வருகிறது. சாயங்காலம் அதிருமலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். யானை வராமல் இருக்கச் சுற்றிலும் அகழி வெட்டியிருக்கிறார்கள். தகரக் கூரை, வரிசையாகப் பாய், அவ்வளவுதான். சூடாகக் கஞ்சி, பயறு, அப்பளம் கொடுத்தார்கள். நம் ஊர் அப்பளத்துக்குப் பக்கத்தில் வராது என்றாலும் அன்றைக்கு அமிர்தமாக இருந்தது.

அந்த ராத்திரியைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். இருட்டியதும் காற்று எழுந்தது. தை மாதத்துக் கொண்டல் காற்று, கிழக்கிலிருந்து மலையைத் தாண்டி வந்து தகரத்தில் மோதுகிறது. ஒரு மூலையில் தகரம் தூக்கித் தூக்கி அடிக்கும். சற்று ஓயும். ஓய்ந்தால், எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பாயில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ். தன் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கேட்காமலே என் கெண்டைக்காலுக்கும் தேய்த்துவிட்டாள். எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, இந்தக் காற்று அங்கிருந்துதான் வருகிறது என்று சொன்னேன். 'அப்போ இது சேச்சியுடெ காற்று' என்றாள், அக்காவோட காற்றாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஜான் ஆலன் பிரவுனை நினைத்துக்கொண்டேன். திருவனந்தபுரம் வானாய்வகத்தில் இருந்தவர். 1850-களில் இந்த மலை உச்சியில் ஆய்வுக்கூடம் கட்டி, பூமியின் காந்தத்தையும் வானிலையையும் அளந்தார். நமக்கு ஒரு ராத்திரி. அளவெடுக்க அங்கே இருந்தவர்கள் எத்தனை ராத்திரி இந்தக் காற்றைக் கேட்டிருப்பார்கள்!

விடியற்காலையில் உச்சிக்கு. கடைசியில் செங்குத்தான பாறை. கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், கை நடுங்கத்தான் செய்தது. 1,868 மீட்டர். மேலே அகத்தியர் சிலை. மேகம் ஒரு தடவை விலகியபோது வழிகாட்டி கிழக்கே கையைக் காட்டினார். காரையாறு அணை! நாம் பஸ் ஏறிப் போய்க் குளித்த பக்கம், இங்கிருந்து பார்த்தால் உள்ளங்கை அளவு தண்ணீர்.

ஒன்று மட்டும் மனதில் உறுதியாகப் பட்டது. நம் பக்கத்துப் பாதை மூடியே இருக்கட்டும். இரண்டு பருவமழையையும் வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடை ஓடையாக விடுவது அந்தச் சோலையும் புல்லும்தான். பூங்குளத்தில் தொடங்கும் தாமிரபரணி புன்னைக்காயல்வரை போவது அதனால்தான். பிசானம் விளைவதும் அதனால்தான். இரண்டு பக்கமும் கூட்டம் ஏறினால் தாங்காது. எனக்கு ஆசை இருந்தது, சுற்றிக்கொண்டு போனேன். ஆசை உள்ளவர்கள் அப்படியே போகட்டும்.

சரி, அடுத்த ஜனவரியில் பதிவு ஆரம்பித்ததும் உனக்கும் சேர்த்துப் போடப்போகிறேன். மாட்டேன் என்று சொல்லாதே. வேளச்சேரி வீட்டில் லிஃப்டை விட்டுவிட்டு இப்போதிருந்தே மாடிப்படி ஏறு. அடையாள அட்டை நகல் ஒன்று அனுப்பி வை. புது ஷூ வாங்குவதாக இருந்தால் தீபாவளிக்கே வாங்கிப் போட்டுப் பழக்கிவிடு. கம்பளி என்னிடம் இரண்டு இருக்கிறது.

அம்மாவை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உலகம்மை