இட்லிப் பொடியில் கோதுமை இருப்பதைப் பாக்கெட்டில் ஏன் போடவில்லை?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். உங்கள் 200 கிராம் இட்லிப் பொடி பாக்கெட்டைப் பற்றிய புகார் இது. இரண்டு தடவை போன் செய்தேன், இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள், அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாக வயிறு உப்புசம், அடிக்கடி பேதி, எடை ஏறவே இல்லை. ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து டானிக் மாற்றி மாற்றிக் கொடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம், திருஷ்டி கூடக் கழித்தோம். கடைசியில் புதுச்சேரியில் ஒரு வயிற்று டாக்டர் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையும், அப்புறம் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்தும் பார்த்துவிட்டு, சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி, ரை மாதிரி தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குமாம், சத்தை இழுக்கிற குடல் உறிஞ்சிகள் மழுங்கிப் போகுமாம். டானிக் ஏன் ஏறவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இதற்கு மருந்து மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். வட இந்தியாவில் அதிகமாகவும் நம் பக்கம் அபூர்வமாகவும் வருகிற நோயாம், அதனால் யாருக்கும் முதலில் தோன்றவில்லை.

அரிசிச் சோறு தின்கிற வீடுதானே, என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்கு ராத்திரி சப்பாத்தி சாப்பிடச் சொன்னது வேறு டாக்டர், ஆக ஒரே அடுப்படியில் ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு விஷம். சப்பாத்திக் கல் தனி, தோசைக்கல் தனி, கரண்டி தனி என்று பிரித்தோம். அரிசி மாவு அரைக்க மிஷினுக்குக் கொண்டுபோனால் எங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார், அதே கல்லில் நம்முடையதையும் போடுவார்கள். அன்றில் இருந்து வீட்டு மிக்ஸிதான். பஜ்ஜி கடலை மாவுதானே என்றால் கடையில் மைதா போண்டா பொரித்த எண்ணெயில்தான் அதுவும் வேகிறது. ராகி சேமியா என்று வாங்கினால் பின்பக்கம் கோதுமை மாவும் இருக்கிறது. பிறந்தநாளுக்கு ரவா கேசரி போய் அவல் கேசரி வந்தது. செக்கப்புக்காகப் புதுச்சேரி போகும்போதெல்லாம் பேக்கரி வாசலில் ரொட்டி வாசனை வரும், குழந்தை ஒன்றும் கேட்க மாட்டாள், என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் நடுவில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது இட்லியும் பொடியும்தான். காலையில் இட்லி பொடி, பள்ளிக்கூட டப்பாவில் பொடி தடவிய இட்லி, சில நாள் ராத்திரியும் அதுவே. மாமியார் முன்பெல்லாம் வீட்டிலேயே இடிப்பார், கைவலி வந்த பிறகு உங்கள் பாக்கெட்டுக்கு மாறினோம். மாதம் மூன்று பாக்கெட்.

ஆறு மாதம் கழித்து டிடிஜி திரும்ப எடுத்தார்கள். கோதுமையை நிறுத்தினால் இறங்க வேண்டிய அந்த எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. வீட்டில் இருக்கிற எல்லாப் பாக்கெட்டையும் கொண்டு வாருங்கள் என்றார் உணவு ஆலோசகர். ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன். அந்தப் பெண் உங்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, இதில் பெருங்காயம் என்று மட்டும் போட்டிருக்கிறதே, எந்தப் பெருங்காயம் என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. வீட்டுக்கு வந்து அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் இருந்த பெருங்காய டப்பாவைத் திருப்பினால் (அது வேறு கம்பெனி), கோதுமை மாவு, அரபிக் கோந்து, அதற்கப்புறம்தான் பெருங்காயம். ஈரானில் இருந்தும் ஆப்கானிஸ்தானில் இருந்தும் வருகிற அசல் பெருங்காயப் பால் (செடியில் வடிகிற பிசின்) காரம் அதிகம் என்று மாவு கலந்துதான் விற்கிறார்கள், கூட்டுப் பெருங்காயம் என்று பெயர். இத்தனை வருஷம் சமைத்தவளுக்கு இது தெரியவில்லை. அந்த வெட்கம் என்னுடையது, சரி. ஆனால் அந்த டப்பாக்காரன் கோதுமை என்று ஒளிக்காமல் போட்டிருக்கிறான், நீங்கள் போடவில்லை.

முதலில் போன் எடுத்தவர், எங்கள் பொடியில் கோதுமையே கிடையாது மேடம், உளுந்தும் கடலைப்பருப்பும்தான் என்றார். நான் விடாமல் மெயில் போட்ட பிறகு, மைதா கலந்த கூட்டுப் பெருங்காயம்தான் சேர்க்கிறோம், ஆனால் அளவு ரொம்பக் குறைவு, 5 சதவீதத்துக்கும் கீழே இருக்கிற கூட்டுப் பொருளைப் பிரித்துப் போட வேண்டியதில்லை என்று பதில் வந்தது.

அந்தக் குறைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு பேச்சுக்கு, ஒரு கிலோ பொடிக்கு 5 கிராம் கூட்டுப் பெருங்காயம் என்று வையுங்கள். அதில் பாதி மைதா, இரண்டரை கிராம். மைதாவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குளூட்டன் என்றாலும் 200 மில்லிகிராம். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பத்து மடங்கு. அந்த 5 சதவீத விதியும் பொருட்களின் பட்டியலுக்குத்தான். கோதுமை மாதிரி ஒவ்வாமை தருகிறவற்றைத் தனியாக, 'இது உள்ளது' என்று போட வேண்டும் என்பதும் அதே 2020 லேபிள் விதிகளில் இருக்கிறது. உங்கள் பாக்கெட்டில் அந்த வரியே இல்லை.

இன்னொன்று. பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய தமிழ் எழுத்தில் வீட்டுப் பக்குவம், பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். என் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், இந்த ஆறு மாதமும் பேத்திக்கு ஊட்டியவர் அவர். விஷயம் தெரிந்த அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

முழுப் பழியும் உங்கள் தலையில் போடவில்லை. அந்த எண் இறங்கவே சிலருக்கு வருஷம் ஆகும் என்று டாக்டர் சொன்னார், பள்ளிக்கூடத்தில் யாராவது பிஸ்கட் கொடுத்திருக்கலாம். ஆனால் பொடியை நிறுத்தி மூன்று மாதத்தில் எண் நன்றாக இறங்கியிருக்கிறது, உப்புசம் இல்லை, ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறாள்.

பாக்கெட்டுக்குப் பணம் வேண்டாம், கிஃப்ட் பெட்டி அனுப்புகிறோம் என்று உங்கள் ஆள் சொன்னாரே, அதுவும் வேண்டாம். அடுத்து அச்சடிக்கும் பாக்கெட்டில் கோதுமை உள்ளது என்று தமிழிலும் போடுங்கள். சாம்பார் பொடி, ரசப்பொடி, புளியோதரை மிக்ஸ் எல்லாவற்றிலும் அதே பெருங்காயம்தானா என்று எழுத்தில் சொல்லுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, நாங்கள் இப்போது அதைத்தான் வாங்குகிறோம், நீங்கள் அதற்கு மாற என்ன தடை என்றும் சொல்லுங்கள். போன் எடுக்கிறவர்களுக்கு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

பாக்கெட்டின் இரண்டு பக்கப் படமும், பேட்ச் எண்ணும், உங்கள் மெயிலும் இணைத்திருக்கிறேன். பிரிக்காத பாக்கெட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் அதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுப்பேன், அப்புறம் நுகர்வோர் ஆணையம். பதிலைத் தமிழில் அனுப்புங்கள், மாமியார்தான் முதலில் படிப்பார்.

இப்படிக்கு,
மாதம் மூன்று பாக்கெட் வாங்கிய வாடிக்கையாளர்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்