அந்தக் க்ரீமை நிறுத்திவிடு, பாப்பா

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

முகத்துக் கறுப்புப் போக நீ பூசுகிற க்ரீம் ட்யூப்பைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பின்பக்கத்தைப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் அதில் இருக்கிறது. இன்று ராத்திரியிலிருந்தே அதைப் பூசாதே. நீ ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது என்கிறாய், அதனால் உடனே நிறுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் பூசினவர்கள்தான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு படிப்படியாக விட வேண்டும். உனக்கு இதைக் கொடுத்த ரூம்மேட் ஒரு வருடமாகப் போடுகிறாள் என்றாயே, அந்தப் பெண்ணிடமும் சொல். அவள் தானாக நிறுத்த வேண்டாம், முதலில் தோல் டாக்டரைப் போய்ப் பார்க்கட்டும்.

போனில் பேசினால் நீ ரோடு வேலையில் நின்றுகொண்டிருப்பாய், பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இத்தனை வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன், இந்த ட்யூப்பைக் கேட்டு எத்தனை பேர் வந்திருப்பார்கள்! மருந்தின் பெயர்கூடத் தெரியாது, டப்பாவின் கலரைச் சொல்லிக் கேட்பார்கள். காலேஜ் பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமானவர்கள், பையன்களும்தான். சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே முகங்களைப் பார்ப்பேன். கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, சின்னச் சின்ன ரத்த நாளம் தெரியும். சில பெண்களுக்குத் தாடையில் முடி முளைத்திருக்கும், பரு வெடித்திருக்கும். கொஞ்சம் வெயில் பட்டாலே எரிகிறது என்பார்கள். பூசுவதை விட்டால் முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வருகிறது, அதனால் விடவும் முடிவதில்லை. எல்லாம் அந்த மொமெட்டசோன் செய்கிற வேலை. அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆவதும் அதனால்தான்.

மருந்தே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் டிரெட்டினாயின், எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் சேர்த்தார்கள். மங்கு என்கிற, முகத்தில் பழுப்பாகப் படர்வதற்கு இன்றைக்கும் நல்ல பலன் தருகிற கலவை அதுதான். ஆனால் டாக்டர் பார்த்து, ராத்திரியில் மட்டும், சில வாரங்களுக்கு என்று அளந்து கொடுப்பது. அதைப் பேஸ் க்ரீம் மாதிரி காலையும் மாலையும் வருடக்கணக்கில் பூசுகிறார்கள். ஹைட்ரோகுவினோனை மட்டும் அளவு மீறிப் பல வருடம் போட்டாலும் சிலருக்குத் தோலுக்குள்ளேயே நீலக் கறுப்பாகப் படிந்துவிடும். அது வந்துவிட்டால் எடுப்பது ரொம்பக் கஷ்டம். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. என் தொழிலில் எனக்குத் தாங்காத விஷயம் இது.

உன் முகத்தைப் படத்தில் பார்த்தேன். இரண்டு கன்னத்து மேட்டிலும், மூக்குத் தண்டிலும், மேல் உதட்டுக்கு மேலும் பழுப்பாகப் படர்ந்திருக்கிறது. மங்கு மாதிரிதான் தெரிகிறது. டாக்டர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். கையில் வாட்ச் கட்டிய இடம் மட்டும் வெளுத்து மற்றதெல்லாம் கறுத்திருக்கிறதே, அது வேறு, வெறும் வெயில் கறுப்பு. முழுக்கை போட்டு மறைத்தாலே சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதற்குக் காசு செலவழிக்காதே. மங்குதான் பிடிவாதம் பிடிக்கும்.

நம் தோலில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அவை மெலனின் என்ற நிறமியைச் செய்து பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். அந்த நிறமி ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கும் மேலே குடை பிடித்த மாதிரி போய் நிற்கும், உள்ளே இருக்கிற மரபணு கெடாமல் இருக்க. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு வெயிலால் வருகிற தோல் புற்று குறைவாக இருப்பது இதனால்தான். உன்னைக் காப்பாற்ற வந்ததை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதே. பீர்க்கங்காய் நார், ஸ்கிரப், சர்க்கரை எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு இன்னும் கறுக்கும்.

மங்கு வருகிறவர்களுக்கு அந்தச் செல்கள் கொஞ்ச வெயிலுக்கே அதிகமாக வேலை செய்கின்றன. பாதி குடும்பவாகு. உன் பெரிய அத்தைக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாற்றம் எல்லாம் தூண்டிவிடும். தைராய்டு கோளாறு இருக்கிறவர்களிடமும் அதிகம் பார்க்கிறார்கள், அதனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால் தட்டிக் கழிக்காதே.

அடுத்தது வெயில். வேலூரில் வளர்ந்த பெண்ணுக்கு வெயிலைப் பற்றி என்ன சொல்வது என்று தோன்றலாம். ஆனால் நாம் பயப்படுவது சூட்டுக்கு. கத்திரி வந்தால்தான் தலையில் துண்டு போடுவோம், கத்திரி போனால் எடுத்துவிடுவோம். முக்கியமாகக் கறுக்க வைப்பது சூடு அல்ல, கதிர். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில், நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். கோட்டை மைதானத்தில் ஒரு கம்பை நட்டால் நிழலே விழாது. நீ இருக்கிற அனந்தபூரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்திலும் அப்படி. ஆகஸ்டில் மேகமும் காற்றுமாக இருக்கிறதே என்று நீ முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாய். மெல்லிய மேகத்தைக் கதிர் தாண்டி வந்துவிடும். வெப்பமானியைப் பார்க்காதே, உன் நிழலைப் பார். நிழல் உன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது, ஒதுங்கு அல்லது மூடு.

ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை என்றும் இருக்காதே. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கிற கதிரைத்தான் பக்கத்து ஜன்னல் கண்ணாடி தடுக்கும். ஆழமாகப் போய்க் கறுக்க வைக்கிற இன்னொரு வகை அதில் நிறையவே நுழைந்துவிடும். உனக்கு ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் கூடுதலாகக் கறுத்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார். தார் போடுகிற இடத்து அனலும் மங்குக்கு ஆகாது என்கிறார்கள். மேற்பார்வையைக் கொஞ்சம் தள்ளி நின்று செய்ய முடிந்தால் செய்.

முதல் மருந்து துணிதான். அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் வேர்க்கடலை பிடுங்குகிற பெண்களைப் பார்த்திருப்பாய். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் அதைவிட நல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார், அந்தப் பக்கம் தெரிந்தால் கதிரும் வரும். நீ முகத்தில் சுற்றுகிற அந்த ஷிபான் துப்பட்டா உதவாது. வெள்ளையைவிட அடர்ந்த நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும். ஹெல்மெட்டில் பின் கழுத்தை மூடுகிற துணியும் முன்னால் விளிம்பும் மாட்டிக்கொள்.

சன்ஸ்கிரீன் பூசுகிறேன் என்கிறாய், எவ்வளவு பூசுகிறாய்? ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி வைத்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். 50 கிராம் ட்யூப் உனக்கு மூன்று மாதம் வருகிறது என்றால் நீ பூசுவது போதவில்லை. வெயிலில் இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்னால் பூசு, காதையும் விடாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசு. எஸ்.பி.எஃப். என்று ட்யூப்பில் போட்டிருக்கிற தடுப்பு எண் 30 என்றால் சுடுகிற கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக நூறு, நூற்றைம்பது என்று எண்ணைப் பார்த்து ஏமாறாதே. பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறி மூன்று, நான்கு இருக்கிறதா என்று பார், கறுக்க வைக்கிற கதிருக்கான கணக்கு அது. உனக்கு இன்னொன்றும் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தாலும் மங்கு கூடும், சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கிற டின்டட் வகை தடுக்கும். அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா எலுமிச்சம்பழத்தைத் தடவச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். வேண்டவே வேண்டாம். அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரும், ஆறின இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டாள். பயத்தம் மாவு போட்டு மெதுவாகக் கழுவு, சோற்றுக்கற்றாழை தடவு, எரிச்சல் இல்லையென்றால் கெடுதல் இல்லை. மங்கு அதனால் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

பார்லரில் கொடுக்கிற, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத டப்பாக்களை முகத்துக்குக் கிட்டேயே கொண்டுபோகாதே. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தில் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தோல் டாக்டர் அனேகமாக அசெலாயிக் ஆசிட் அல்லது நியாசினமைடு மாதிரி மெதுவான மருந்தில் ஆரம்பிப்பார், தேவைப்பட்டால் பலமானதற்குப் போவார். கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்தாவது நாளில் கண்ணாடி பார்த்து மனம் உடையாதே. டிரனெக்சாமிக் ஆசிட் மாத்திரை ரத்தம் உறைவதற்கு உதவுகிற மருந்து, அதை எழுதினால் நம் குடும்பத்தில் பாட்டிக்குக் காலில் ரத்தம் உறைந்த கதையை மறைக்காமல் சொல். லேசர் என்று யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதே. நம் தோலுக்குச் சில சமயம் அதுவே கறுப்பைக் கூட்டிவிடும், அதைக் கடைசியில் பார்க்கலாம். சரியான பிறகும் வெயிலை மறைப்பதை விட்டால் திரும்பி வரும்.

கறுப்பைப் பற்றியே பேசுகிறோம், வெளுப்பைப் பற்றியும் ஒன்று. வேலூர்க்காரன் சொல்லாமல் விட முடியாது. கரிகிரி ஆஸ்பத்திரி 1955-லிருந்து தொழுநோய்க்காக நம் பக்கத்தில் நிற்கிறது. உன்னிடம் வேலை செய்கிற ஆட்களில் யாருக்காவது வெளிறின தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், வெயில் என்று விட்டுவிடச் சொல்லாதே. அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவசமாக மாத்திரை கொடுப்பார்கள், முழுசாகக் குணமாகும். தள்ளிப் போட்டால் விரல் மடங்கும்.

அம்மா வரன் பார்க்கிறாள், போட்டோ கேட்கிறார்கள் என்பதால்தான் நீ அந்த ட்யூப்பை எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். உன் மேல்கையின் உட்பக்கத்தைப் பார், வெயிலே படாத இடம். அதுதான் உன் நிறம், என் அம்மாவின் நிறம். சிகிச்சை உன்னை அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோக மட்டும்தான். அதற்கு மேலும் வெளுக்க வைக்கிறேன் என்கிற எதுவும் உன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்ளும். மங்கோடு எடுத்த போட்டோவையே அனுப்பலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதைப் பார்த்து வேண்டாம் என்கிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, நெருக்கமாக நெய்த பெரிய துண்டு ஒன்று, டின்டட் சன்ஸ்கிரீன் மூன்று, இன்றைக்குப் பார்சல் போட்டிருக்கிறேன். அம்மா வேர்க்கடலை உருண்டையும் வைத்திருக்கிறாள், ரூம்மேட்டுக்கும் கொடு. சன்ஸ்கிரீனை ஜீப் டேஷ்போர்டில் வைக்காதே, சூட்டில் கெட்டுவிடும், பையில் தண்ணீர் பாட்டிலோடு வைத்துக்கொள். இந்த வாரமே தோல் டாக்டரைப் பார். போகும்போது அந்தப் பழைய ட்யூப்பையும் எடுத்துப் போ, என்ன பூசினாய் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா